நூலிழையில் தோற்ற மறுநாள்: காலேஜ் ஃபுட்பால் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஃபுட்பால் (நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசி வரை போகும். ஒவ்வொரு அணிக்கும் 12 ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமைகளில். நான் இருக்கும் கொலம்பஸில், எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக அணியான ஓஹையோ ஸ்டேட் ஜெயித்தால் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. மூன்று பாயிண்டில் தோற்றால் ஞாயிற்றுக்கிழமை போன் ஓயாது. இங்கே படிக்க வந்த தமிழ்ப் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், வேறு ஊர் அணிகளுக்காக உயிரை விடும் நண்பர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவரவர் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். நான் ஓஹையோ ஸ்டேட் கட்சி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"நெருங்கித் தோத்தோம்"னா எத்தனை பாயிண்ட் வித்தியாசம்?

பொதுவாக 8 பாயிண்ட், அல்லது அதற்குள். டச் டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) 6, அதற்குப் பின் வரும் கூடுதல் முயற்சியில் அதிகபட்சம் 2. பந்து இன்னும் ஒரே ஒரு முறை கைக்கு வந்திருந்தால் சமன் செய்திருக்கலாம் என்றால் அது நெருக்கமான ஆட்டம்.

ஆனால் ஸ்கோரை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். 2014 செப்டம்பரில் ஓஹையோ ஸ்டேட் சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று தோற்றது. கேட்டால் 14 பாயிண்ட் தோல்வி. உண்மையில் கடைசி நிமிடம் வரை 28-21தான்; சமன் செய்வதற்காக வீசிய பாஸை எதிரணிக்காரர் பிடித்துக்கொண்டு ஓடி டச் டவுன் போட்டுவிட்டார். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 20 பாயிண்ட் பின்தங்கிக் கிடந்த அணி, எதிரணி தன் இரண்டாம் வரிசைப் பையன்களை இறக்கிய பிறகு இரண்டு டச் டவுன் போட்டு, "ஆறே பாயிண்டில் தோற்றோம்" என்று சொல்லிக்கொள்ளும்.

ஒரு மேட்ச் தோத்தாச்சு. சீசன் அவ்வளவுதானா?

இல்லை. முன்பு முதல் இரண்டு அணிகள் மட்டும் பட்டத்துக்கு மோதும். 2014 சீசன் முதல் நான்கு அணிகள், 2024 முதல் 12 அணிகள் பிளேஆஃபில் (தோற்றால் வெளியே என்ற பட்டப் போட்டி) ஆடுகின்றன. இரண்டு அணி முறை இருந்தபோதே அலபாமா 2011 நவம்பரில் எல்எஸ்யூவிடம் ஓவர்டைமில் 9-6 என்று தோற்று, இரண்டு மாதம் கழித்து அதே எல்எஸ்யூவை இறுதி ஆட்டத்தில் 21-0 என்று வீழ்த்தியது. 2016-இல் கிளெம்சன் பிட்ஸ்பர்கிடம் 43-42 என்று தோற்றும் பட்டம் வாங்கியது. முதல் கேள்வியில் சொன்ன 2014 ஓஹையோ ஸ்டேட்டும் அந்த வருடச் சாம்பியன்தான்.

அப்போ அந்த மாதிரி நாமளும் கப் அடிப்போம்னு நம்பலாம்ல?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். ஒரே ஊர்க் கதை போதும்.

2024 நவம்பர் 30. ஓஹையோ ஸ்டேட் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. (இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "வடக்கே இருக்கிற அந்த டீம்" என்பார்கள். அந்த வாரம் வளாகத்துப் பலகைகளில் உள்ள 'எம்' எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப் ஒட்டிவிடுவார்கள்.) மிச்சிகன் அன்று 6 வெற்றி, 5 தோல்வியோடு வந்த அணி. அதனிடம் ஓஹையோ ஸ்டேட்டுக்கு அது தொடர்ந்து நான்காவது தோல்வி. கோச் ரயன் டேவை அன்று இரவே வீட்டுக்கு அனுப்பச் சொன்னவர்கள் இங்கே ஏராளம். அதற்குப் பிறகு டென்னசியை 42-17, ஆரகனை 41-21, டெக்சஸை 28-14, இறுதி ஆட்டத்தில் நாட்டர் டேமை 34-23 என்று வரிசையாக அடித்து, 2025 ஜனவரியில் கோப்பை கொலம்பஸுக்கு வந்தது.

அடுத்த சீசன், 2025 டிசம்பர் 6. பிக் டென் (ஓஹையோ ஸ்டேட் இருக்கும் கான்ஃபரன்ஸ், அதாவது அணிகளின் கூட்டமைப்பு) இறுதி ஆட்டத்தில் இண்டியானாவிடம் மறுபடியும் 13-10. அச்சு அசலாக அதே ஸ்கோர். "போன வருஷமும் இதே மாதிரிதானே, இனி கோப்பைதான்" என்று எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் குஷியாகிவிட்டார்கள். டிசம்பர் 31 அன்று பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே மயாமியிடம் 24-14 என்று தோற்று அணி வீடு திரும்பியது. அதே கோச், அதே ஸ்கோர், முடிவு மட்டும் வேறு. மூன்று பாயிண்ட் தோல்வியிலிருந்து பின்னால் வரப்போவதைப் படித்துவிட முடியாது. மீண்டு வந்த அணிகளின் கதை நமக்கு நினைவில் நிற்கிறது, வராதவற்றை மறந்துவிடுகிறோம்.

நல்ல டீம்கிட்ட ஒரு பாயிண்டுல தோத்தா அது ஜெயிச்ச மாதிரிதானே?

ஜெயித்த மாதிரி இல்லை. ஆனால் எல்லாத் தோல்வியும் ஒன்றும் இல்லை. அதே 2024-இல் ஓஹையோ ஸ்டேட் இரண்டு தடவை தோற்றது. அக்டோபரில் ஆரகனின் ஊருக்கே போய் 32-31. பிறகு மேலே சொன்ன 13-10. ஆரகன் அந்த சீசனில் ஜனவரி வரை யாரிடமும் தோற்காத அணி. அப்படிப்பட்ட அணியிடம் அதன் மைதானத்தில் ஒரு பாயிண்டில் தோற்றால், நாமும் அந்தத் தரம்தான் என்று ஓரளவு எடுத்துக்கொள்ளலாம். மறுபடி சந்தித்தபோது முதல் பாதியிலேயே ஒரு கட்டத்தில் 34-0 என்று போனது. மிச்சிகன் தோல்வியில் அப்படி எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வித்தியாசம் எத்தனை என்று கேட்பதற்கு முன் யாரிடம், எங்கே என்று கேளுங்கள்.

எல்லாத்துக்கும் "அதிர்ஷ்டம் இல்லை"ன்னு சொல்றாங்களே, அது சாக்குதானே?

பாதி உண்மை. கை நழுவிக் கீழே உருளும் பந்தை (ஃபம்பிள்) யார் எடுப்பார் என்பது நீண்ட காலக் கணக்கில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதில் திறமைக்குப் பெரிய பங்கு இல்லை. நெருக்கமான ஆட்டங்களில் ஒரு வருடம் எல்லாமே ஜெயித்த அணி அடுத்த வருடமும் அப்படியே ஜெயிப்பது அபூர்வம். 2022-இல் டிசியூ நூலிழை வெற்றிகளாகக் குவித்து இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே ஜார்ஜியா 65-7 என்று துவைத்தது. மறுவருடம் டிசியூ 5 வெற்றி, 7 தோல்வி.

மறுபாதிக்கு நெப்ராஸ்காவைப் பார்க்க வேண்டும். 2021-இல் அந்த அணி 3 வெற்றி, 9 தோல்வி. ஒன்பது தோல்வியும் 9 பாயிண்டுக்குள். சீசன் முழுக்க அடித்தது 335 பாயிண்ட், கொடுத்தது 272. அதாவது எதிரணிகளை விட 63 பாயிண்ட் அதிகமாக அடித்துவிட்டு 9 ஆட்டம் தோற்றிருக்கிறார்கள்! புள்ளிவிவரக்காரர்கள் எல்லாரும் "இது வெறும் துரதிர்ஷ்டம், அடுத்த வருடம் தானாகச் சரியாகும்" என்றார்கள். கணக்குப்படி அது நியாயமான பேச்சுதான். ஆனால் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு வேறு ஒன்று தெரிந்தது. மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக, கடைசிக் கால் பகுதியில் முன்னிலையில் இருக்கும்போது, தடுப்பு வீரர்கள் ஒரு பக்கம் ஓட பன்ட் (எதிரணியிடம் பந்தைத் தூரமாக உதைத்துக் கொடுப்பது) மறுபக்கம் போய் விழுந்தது. எதிரணி அதை அப்படியே டச் டவுனாக்கியது. மிச்சிகனுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் ஃபம்பிள். 2022-இன் முதல் ஆட்டம் டப்ளினில். நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 முன்னிலையில் இருந்துகொண்டு, யாரும் கேட்காமலேயே கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட் ஆன்சைட் கிக் (பந்தைத் தாங்களே திரும்பப் பிடிக்கப் பார்க்கும் குட்டி உதை) அடிக்கச் சொன்னார். பந்து எதிரணிக்குப் போனது, ஆட்டம் 31-28 என்று கைவிட்டுப் போனது. இரண்டு வாரத்தில் ஜார்ஜியா சதர்னிடமும் 45-42 என்று தோற்று, மறுநாள் அவர் வேலை போனது. எட்டு பாயிண்டுக்குள் முடிந்த ஆட்டங்களில் அவர் கணக்கு 5 வெற்றி, 22 தோல்வி. 27 தடவை நாணயம் சுண்டினால் இப்படி விழாது. ஒரு சீசன் துரதிர்ஷ்டம் என்றால் நம்புவேன். நாலு வருடம் ஆனால் அதற்கு வேறு பெயர்.

ஸ்கோரை விட்டுட்டு வேற எதைப் பார்க்கணும்?

மூன்று விஷயம் போதும். முதலாவது, ஒவ்வொரு பிளேயும் தேவையான தூரத்தைத் தந்ததா என்பது. 10 யார்டு முன்னேற ஒரு அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுனில் தேவையான யார்டில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவது நான்காவதில் முழுவதும் கிடைத்தால் அது வெற்றிகரமான பிளே. இந்தக் கணக்கில் யார் மேலே என்று பாருங்கள். இரண்டாவது, எதிரணியின் கோட்டிலிருந்து 40 யார்டுக்குள் போன பிறகு டச் டவுன் வந்ததா, ஃபீல்டு கோலோடு (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 பாயிண்ட்) திருப்திப்பட்டார்களா. மூன்றாவது, டர்னோவர், அதாவது பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது. அதிலும் இன்டர்செப்ஷனையும் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) ஃபம்பிளையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஃபம்பிள் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது.

இதெல்லாம் பார்த்தும் ஏமாறலாம் என்பதற்கு 2024 நாட்டர் டேம். செப்டம்பர் 7 அன்று சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14. யாருமே மதிக்காத அணியிடம் தோல்வி, அதுவும் துரதிர்ஷ்டத் தோல்வி இல்லை. யார்டுக் கணக்கில் எதிரணி ஏறக்குறைய நூறு அதிகம், நாட்டர் டேம் குவார்ட்டர்பேக் (பாஸ் வீசுபவர்) இரண்டு பாஸைப் பறிகொடுத்தார், கடைசியில் அடித்த நீண்ட ஃபீல்டு கோலைத் தடுத்தும் விட்டார்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் சொதப்பல். அதன் பிறகு அதே அணி தொடர்ந்து 13 ஆட்டம் ஜெயித்து இறுதி ஆட்டத்துக்குப் போனது. ஜெயித்த நார்தர்ன் இல்லினாய் தன் அடுத்த ஆட்டத்தில் பஃபலோவிடம் தோற்றது. ஒரு ஆட்டம் ஒரு ஆட்டம்தான்.

கிக்கர் மட்டும் ஒழுங்கா அடிச்சிருந்தா ஜெயிச்சிருப்போம்ல?

2022 டிசம்பர் 31, பீச் பவுல் (சீசன் முடிந்த பின் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்று). ஜார்ஜியா 42, ஓஹையோ ஸ்டேட் 41. சரியாகப் புத்தாண்டு பிறக்கும் நொடியில் 50 யார்டு ஃபீல்டு கோல் இடப்பக்கம் தள்ளிப் போனது. இன்றும் இந்த ஊரில் அந்தப் பையன் பெயரைச் சொல்லித் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது ஓஹையோ ஸ்டேட் 38-24 முன்னிலையில் இருந்தது. அந்த 14 பாயிண்டைக் கோட்டை விட்டது கிக்கரா? கல்லூரி அளவில் 50 யார்டுக்கு மேல் அடிப்பதே ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புதான்.

இந்தப் பக்கத்தில் தவறவிட்ட எந்த மாணவர் பெயரையும் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். அவர்களுக்கு இருபது, இருபத்தொரு வயது. தோற்ற இரவில் அவர்களுடைய போனுக்கு மிரட்டல் செய்தி அனுப்புவது இங்கே பெரிய பிரச்சினையாகிவிட்டது, பெட்டிங் வந்த பிறகு இன்னும் மோசம். கோச்சைத் திட்டுங்கள், அவர் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்.

ரெஃப்ரீ கவுத்துட்டான் சார். முறையிட்டா முடிவு மாறாதா?

மாறாது. தவறு என்று கான்ஃபரன்ஸே ஒப்புக்கொண்டாலும் ஸ்கோர் ஸ்கோர்தான். 1990-இல் கொலராடோவுக்கு மிசூரிக்கு எதிராக நடுவர்கள் எண்ணிக்கை தவறி நான்குக்குப் பதில் ஐந்து டவுன் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாவதில் அடித்த டச் டவுனால் கொலராடோ 33-31 என்று ஜெயித்தது. அந்த வருடப் பட்டத்திலும் பங்கு வாங்கியது.

1940-இல் கார்னெலுக்கும் இதே மாதிரி ஐந்தாவது டவுன் கிடைத்து டார்ட்மவுத்தை 7-3 என்று ஜெயித்தார்கள். பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்துவிட்டு, வெற்றி எங்களுக்கு வேண்டாம் என்று தாங்களே திருப்பிக் கொடுத்தார்கள். இன்றும் பதிவில் டார்ட்மவுத் 3, கார்னெல் 0. உங்கள் எதிரணி அப்படிச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம்.

நெருங்கித்தானே தோத்தோம், ரேங்கிங்ல ரொம்ப இறக்க மாட்டாங்கள்ல?

யாரிடம் தோற்றீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆரகனிடம் ஒரு பாயிண்டில் தோற்ற ஓஹையோ ஸ்டேட் ஏபி பட்டியலில் (செய்தியாளர்கள் வாக்களிக்கும் தரவரிசை) 2-லிருந்து 4-க்கு இறங்கியது. நார்தர்ன் இல்லினாயிடம் இரண்டு பாயிண்டில் தோற்ற நாட்டர் டேம் 5-லிருந்து 18-க்கு விழுந்தது.

பிளேஆஃபுக்கு ஆள் எடுப்பது ஏபி பட்டியல் இல்லை, 13 பேர் கொண்ட தேர்வுக்குழு. அங்கே நெருக்கத்துக்குக் கிடைக்கும் மதிப்பு நாம் நினைப்பதை விடக் குறைவு. 2025-இல் நாட்டர் டேம் முதல் இரண்டு ஆட்டங்களை மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40 என்று தோற்றது. மொத்தமே 4 பாயிண்ட். மீதிப் பத்தும் வெற்றி. கடைசிப் பட்டியலில் மயாமி 10, நாட்டர் டேம் 11. நேரில் ஜெயித்தது மயாமி என்பதால் அது உள்ளே, இது வெளியே. கோபத்தில் வேறு பவுல் ஆட்டமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆகஸ்டில் விட்ட மூன்று பாயிண்டை டிசம்பரில் வாங்க முடியாது.

அடுத்த வாரம் லேசான டீம்தான். கோபத்துல துவைச்சிடுவாங்கள்ல?

சில சமயம். நார்தர்ன் இல்லினாயிடம் தோற்ற அடுத்த வாரம் நாட்டர் டேம் பர்டியூவை 66-7 என்று அடித்தது. ஆனால் 2007-இல் மிச்சிகன் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்று உலகமே சிரித்த பிறகு, அடுத்த வாரம் ஆரகனிடம் 39-7 என்று உதை வாங்கியது. ஒரே டீம் நம்மை இரண்டு தடவை தோற்கடிக்க விடக் கூடாது என்று கோச்சுகள் சொல்வது இதைத்தான். லேசான டீம் என்று நீங்கள் நினைப்பது இருபது வயதுப் பையன்கள் காதிலும் விழும்.

நெருங்கி நெருங்கித் தோக்கறாரே, கோச்சைத் தூக்கணுமா வேண்டாமா?

2025 பென் ஸ்டேட் சீசனுக்கு முன் நாட்டின் 2-ஆம் இடத்தில் இருந்தது. செப்டம்பர் 27 அன்று ஆரகனிடம் இரண்டாவது ஓவர்டைமில் 30-24. அடுத்த வாரம், அதுவரை ஒன்றுகூட ஜெயிக்காத யுசிஎல்ஏவிடம் 42-37. அதற்கடுத்த வாரம் நார்த்வெஸ்டர்னிடம் 22-21. மூன்றும் சேர்த்து 12 பாயிண்ட். மறுநாள் கோச் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினை அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தப்படி பாக்கி ஏறக்குறைய 49 மில்லியன் டாலர். ஒன்பது மாதத்துக்கு முன்தான் அவர் அணியை அரையிறுதி வரை கொண்டுபோயிருந்தார்.

என்னைக் கேட்டால், ஆரகன் ஆட்டத்தோடு நிறுத்தியிருந்தால் தூக்கியிருக்க வேண்டியதே இல்லை. யுசிஎல்ஏ ஆட்டத்துக்குப் பிறகு அந்த வாதத்தைப் பேச ஆள் இல்லை. நூலிழைத் தோல்வியை வைத்து யாரையும் தூக்க வேண்டாம், அதே தவறு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். நெப்ராஸ்கா பதில் இங்கேயும் பொருந்தும்.

மீதி எல்லா மேட்சும் நாங்க ஜெயிக்க வேண்டிய மேட்ச்தான். அப்போ எல்லாமே ஜெயிப்போம்னு எதிர்பார்க்கறதுல என்ன தப்பு?

பெருக்கிப் பாருங்கள். ஐந்து ஆட்டம் மீதி, ஒவ்வொன்றிலும் உங்களுக்கு 80 சதவீதம் வாய்ப்பு என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஐந்தையும் ஜெயிக்க வாய்ப்பு 33 சதவீதம்தான். 70 சதவீத ஆட்டங்கள் நான்கு இருந்தால் நான்கையும் ஜெயிக்க 24 சதவீதம். ஒவ்வொரு ஆட்டத்தையும் தனியாகப் பார்த்தால் நாம்தான் ஜெயிக்க வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் எங்காவது ஒன்று போகத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் "11-1" (11 வெற்றி, 1 தோல்வி) என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் "9 முதல் 11 வெற்றி வரை" என்று சொல்லிப் பழகுங்கள். வாய்க்கு வரக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

சரி, இந்த வருஷம் போகட்டும். பசங்க எல்லாம் திரும்பி வருவாங்க, அடுத்த வருஷம் பாருங்கன்னு சொல்லலாம்ல?

முன்பு சொல்லலாம். 2021 முதல் வீரர்கள் ஒரு வருடம் உட்காராமலேயே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், விளம்பரப் பணமும் வாங்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். உங்கள் நல்ல ஆட்டக்காரர் ஜனவரியில் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது.

இதில் நல்லதும் உண்டு. இண்டியானா 2023-இல் 3 வெற்றி, 9 தோல்வி. வரலாற்றிலேயே அதிக ஆட்டம் தோற்ற பெரிய அணி என்ற பெயரும் அப்போது அவர்களுக்குத்தான் இருந்தது. கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார், பழைய அணியிலிருந்து ஆட்களையும் கூட்டி வந்தார். 2024-இல் 11-2. 2025-இல் கலிஃபோர்னியாவிலிருந்து மாறி வந்த குவார்ட்டர்பேக்கோடு 16-0, சாம்பியன். அதனால் எங்கள் அணி இப்படித்தான் என்று எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியவில்லை.

அண்ணா, என் பையன் முதல் வருஷம்தான் படிக்கிறான். டீம் தோத்ததுல இருந்து போனை எடுக்க மாட்டேங்கறான். இது நார்மலா?

திங்கட்கிழமை எடுப்பான். செவ்வாய் வரை எடுக்கவில்லை என்றால் அது ஃபுட்பால் இல்லை, வேறு ஏதோ. ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். "வெறும் விளையாட்டுதானேப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அடுத்த வாரமும் எடுக்க மாட்டான்.

கடைசியில டூ பாயிண்ட் ட்ரை பண்ணித் தோத்தோம். பேசாம கிக் அடிச்சு டை பண்ணியிருக்கலாமே, கோச் முட்டாள்தானே?

1984 ஜனவரி 2, ஆரஞ்ச் பவுல். நெப்ராஸ்கா அந்த சீசனில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. 48 நொடி மீதி இருக்கும்போது டச் டவுன் போட்டு மயாமியை 31-30 வரை நெருங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஓவர்டைம் கிடையாது. ஒரு பாயிண்ட் கிக் அடித்தால் 31-31, ஆட்டம் டிரா, பட்டம் பெரும்பாலும் நெப்ராஸ்காவுக்குத்தான். கோச் டாம் ஆஸ்போர்ன் இரண்டு பாயிண்டுக்குப் போனார் (கிக் அடிக்காமல் பந்தை மறுபடி கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் முயற்சி). பாஸ் தட்டிவிடப்பட்டது. பட்டம் மயாமிக்கு.

இப்போது ஓவர்டைம் இருப்பதால் கணக்கு வேறு; சொந்த ஊரிலா வெளியூரிலா, உங்கள் டிஃபென்ஸ் களைத்துப் போயிருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்து இரண்டும் சரியான முடிவாக இருக்கலாம். பந்து கீழே விழுந்த பிறகு முட்டாள் என்று சொல்வது எளிது. பந்தைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அன்று ஆஸ்போர்னை நெப்ராஸ்காவில் பலர் திட்டவில்லை, டிராவுக்காக ஆடாத மனிதர் என்று மதித்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 1994, 1995, 1997 என்று மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.